எழுதிய குக்கியை உடனே வாசித்தால் ஏன் ஒன்றும் வருவதில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். நிலாவெளியில் மாமா நடத்தும் கெஸ்ட் ஹவுசுக்கு ஒரு சின்ன இணையத்தளம் செய்கிறீர்கள். பெரிதாக எதையும் நிறுவ வேண்டாமென்று, பைதனோடு சேர்ந்தே வரும் எளிய சேர்வரை எடுத்திருக்கிறீர்கள். முகப்பில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் ‘/மொழி/மாற்று’ என்ற முகவரிக்குப் போகிறது. அங்கே தெரிவை ஒரு குக்கியில் (பிரவுசர் வைத்திருக்கும் சின்னக் குறிப்பில்) எழுதி, உடனே அதை வாசித்து “உங்கள் மொழி இது” என்று காட்டப் பார்க்கிறீர்கள். முதல் தடவை ஒன்றும் வருவதில்லை. ரிஃப்ரெஷ் செய்தால் வருகிறது. அங்கிருந்து ‘/அறைகள்’ பக்கத்துக்குப் போனால் திரும்பவும் காணோம். இதற்கிடையில், ஒருவர் எத்தனை தரம் வந்தார் என்று எண்ணுவதற்கு வைத்த இன்னொரு குக்கி 1, 3, 5 என்று தாவுகிறது. “இது பைதனின் பிழையா, குரோமின் பிழையா, என் பிழையா?” என்று முடித்திருந்தீர்கள்.

பைதனும் குரோமும் சொன்னதைத்தான் செய்கின்றன. நீங்கள் செய்ததும் பெரிய பிழை இல்லை. நான் பல வருடமாகத் திருகோணமலையில் இந்த மாதிரிச் சின்ன இணையத்தளங்கள் செய்து கொடுக்கிறேன், மாலையில் கொஞ்சப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் வருகிறேன். குக்கி தொடங்கிய முதல் கிழமையில் எல்லாரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். ஒரு விஷயம்: ஹெடர் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் தலைப்பில் போகும் விவர வரி), கட்டளைப் பெயர்களையெல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அதேபோல் நீங்கள் எழுதிய கோட் முழுவதையும் நான் பார்க்கவில்லை. முதல் இரண்டு சிக்கலுக்கும் காரணம் நீங்கள் சொன்ன அறிகுறியிலிருந்தே உறுதியாகத் தெரிகிறது. எண்ணிக்கை தாவுவதற்கு நான் சொல்லப்போவது ஊகம், ஆனால் பந்தயம் கட்டக்கூடிய ஊகம்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அம்மாவையோ அம்மம்மாவையோ கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் போவார்களே, அந்தக் கிளினிக். அங்கே இருக்கிற டொக்டருக்கு உங்கள் அம்மம்மாவை நினைவிருக்காது. போன மாதம் வேறு டொக்டர்கூட இருந்திருப்பார். ஆனால் அம்மம்மாவின் கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது. டொக்டர் அதில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார், அவர் அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை கொண்டுவருகிறார். கொப்பியை மறந்துவிட்டுப் போனால் எல்லாம் முதலிலிருந்து. எச்டிடிபி (பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறை) சேர்வர் அந்த டொக்டர் மாதிரி. ஒரு கோரிக்கை வரும், பதில் போகும், அதோடு மறந்துவிடும். குக்கி என்பது சேர்வர் எழுதி, பிரவுசர் தூக்கித் திரியும் கொப்பி.

1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்டுல்லி இதைக் கொண்டுவந்தபோது செய்ததும் இவ்வளவுதான். யுனிக்ஸ் ஆட்கள் இரண்டு புரோகிராம்களுக்கிடையே கைமாறும் சின்னத் தரவை ‘மேஜிக் குக்கி’ என்று சொல்வார்கள், அதிலிருந்து பெயர் வந்தது. விதிமுறையாக இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவது 2011இல் வந்த ஆர்எப்சி 6265 என்ற இணைய விதி ஆவணம். அதற்கு முன் 1997இலும் 2000இலும் வந்த இரண்டும் இப்போது வழக்கில் இல்லை. பழைய பாடங்களில் ‘செட்-குக்கி2’ என்று ஒன்றைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போங்கள்.

சரி, கம்பியில் உண்மையாக என்ன போகிறது என்று பார்ப்போம். பிரவுசர் முதல் தடவை ‘கெட் /மொழி/மாற்று’ என்று கேட்கிறது. அந்தக் கோரிக்கையில் குக்கி என்ற வரியே இல்லை, ஏனென்றால் அதன் கையில் இன்னும் கொப்பி இல்லை. உங்கள் சேர்வர் பதிலின் தலைப்பகுதியில் ‘செட்-குக்கி: மொழி=தமிழ்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறது. (தமிழ் என்பதற்குப் பதில் இப்போதைக்கு ஆங்கிலச் சுருக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.) பிரவுசர் அதை எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த கோரிக்கையில்தான் ‘குக்கி: மொழி=தமிழ்’ என்று திருப்பி அனுப்புகிறது. எழுதுவது ‘செட்-குக்கி’ என்ற ஹெடரில், பதிலோடு போகும். வாசிப்பது ‘குக்கி’ என்ற ஹெடரில், கோரிக்கையோடு வரும். இரண்டும் வேறு வேறு வரிகள், வேறு வேறு திசை.

முதல் சிக்கல் இத்தோடு விளங்கியிருக்கும். நீங்கள் எழுதிய கையோடு வாசித்தது, ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட கோரிக்கையை. அது புறப்பட்ட நேரத்தில் குக்கி பிறக்கவே இல்லை. டொக்டர் இப்போதுதான் கொப்பியில் எழுதுகிறார், நீங்கள் வாசலில் கொடுத்த பழைய துண்டில் அதைத் தேடுகிறீர்கள். ரிஃப்ரெஷ் செய்ததும் வந்தது ஏனென்றால் அது இரண்டாவது கோரிக்கை. இதைத் தீர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தெரிவு செய்த மொழி ஏற்கெனவே உங்கள் மாறியில் இருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் அதையே பயன்படுத்துங்கள், குக்கியிடம் கேட்க வேண்டாம். இரண்டாவது, நான் எப்போதும் செய்வது: ‘/மொழி/மாற்று’ எந்தப் பக்கத்தையும் காட்டாமல், 303 என்ற பதில் எண்ணோடு ‘செட்-குக்கி’ வரியையும், ‘லொக்கேஷன்’ வரியில் முகப்பின் முகவரியையும் அனுப்பட்டும். பிரவுசர் குக்கியை வாங்கிக்கொண்டு தானாகவே முகப்புக்குப் போகும், போகும்போது குக்கியையும் கொண்டு போகும். பார்ப்பவருக்கு ஒரு பொத்தானை அழுத்தினார், பக்கம் தமிழில் வந்தது, அவ்வளவுதான். அப்புறம் ரிஃப்ரெஷ் செய்தாலும் மொழி மாற்றும் வேலை திரும்ப நடக்காது.

இரண்டாவது சிக்கலுக்கு, அதாவது அறைகள் பக்கத்தில் காணாமல் போவதற்கு, காரணம் ‘பாத்’. ஒரு குக்கி எந்தெந்த முகவரிகளுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், பிரவுசர் தானே முடிவெடுக்கும். அது எடுக்கும் முடிவு, குக்கி எந்த முகவரியில் கிடைத்ததோ அதில் கடைசிச் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதி. உங்களுடையது ‘/மொழி/மாற்று’ என்பதால் குக்கி ‘/மொழி’ என்ற பாதைக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் மட்டுமே சொந்தமாகிவிட்டது. ‘/அறைகள்’ அதற்குள் வரவில்லை, அதனால் பிரவுசர் அனுப்பவில்லை. முகவரியை வெறும் ‘/மாற்று’ என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே தெரிந்திருக்காது. அதனால்தான் சிலருக்கு அதே கோட் வேலை செய்கிறது, சிலருக்குச் செய்வதில்லை, எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். குக்கியின் பெயர், மதிப்புக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு ‘பாத்=/’ என்று சேர்த்துவிடுங்கள். எந்தக் குக்கியாக இருந்தாலும் கை தன்பாட்டில் இதைத் தட்டும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

இதைத் திருத்திய பிறகு ஒரு வால் மிஞ்சும். பழைய ‘/மொழி’ பாதைக் குக்கி உங்கள் பிரவுசரில் அப்படியே கிடக்கும். ஒரே பெயரில், வேறு பாதையில் இருந்தால் பிரவுசருக்கு அவை இரண்டு வெவ்வேறு குக்கிகள். ‘/மொழி/மாற்று’க்குப் போகும்போது இரண்டையும் சேர்த்து அனுப்பும். அதில் எதை எடுப்பது என்பது லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். குரோமில் எப்12ஐ அழுத்தி ‘அப்ளிகேஷன்’ பகுதியில், பயர்பொக்ஸ் என்றால் ‘ஸ்டோரேஜ்’ பகுதியில், பழையதை அழித்துவிட்டுப் பரிசோதியுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: திரும்பி வரும் ‘குக்கி’ வரியில் பெயரும் மதிப்பும் மட்டும்தான் இருக்கும். பாதை என்ன, எப்போது காலாவதி என்பதெல்லாம் வராது. ஆகவே சேர்வர் பக்கத்திலிருந்து எவ்வளவு பிரிண்ட் போட்டுப் பார்த்தாலும் இந்த வகைப் பிழை கண்ணில் படாது.

எண்ணிக்கை 1, 3, 5 என்று தாவுவதற்கு நான் சந்தேகப்படுவது ஃபேவ்ஐகானை. டேப்பில் தெரியும் அந்தச் சின்னப் படத்துக்காகப் பிரவுசர் நீங்கள் கேட்காமலே ‘/ஃபேவ்ஐகான்.ஐகோ’ என்று இன்னொரு கோரிக்கை அனுப்பும். கோரிக்கைகளுக்குப் பதில் தரும் உங்கள் ‘டூ கெட்’ செயற்பாடு எந்த முகவரி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கையை ஒன்று கூட்டினால், பக்கத்துக்கு ஒன்று, ஐகானுக்கு ஒன்று என்று ஒவ்வொரு தரமும் இரண்டு ஏறும். சேர்வர் ஓடும் கறுப்புத் திரையைப் பாருங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி அங்கே அச்சாகும். ஐகான் வரியும் கூடவே வருகிறதென்றால் கள்ளன் அகப்பட்டான். அந்த முகவரிக்கு 404 அனுப்பிவிட்டு மேலே எதுவும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். வரவில்லையென்றால் என் ஊகம் பிழை, அப்போது கோட் முழுவதையும் அனுப்புங்கள், பார்ப்போம்.

பைதனின் அந்தச் சேர்வரில் வரிசை முக்கியம். முதலில் ‘சென்ட் ரெஸ்பான்ஸ்’, பிறகு எத்தனை ஹெடர் வேண்டுமோ அத்தனை ‘சென்ட் ஹெடர்’, பிறகு ‘எண்ட் ஹெடர்ஸ்’, கடைசியில் பக்கத்தின் உள்ளடக்கம். ‘எண்ட் ஹெடர்ஸ்’ ஒரு வெற்று வரியை அனுப்பித் தலைப்பகுதியை மூடுகிறது. அதற்குப் பின் ‘செட்-குக்கி’யை எழுதினால் பைதன் திட்டாது, பிழைச் செய்தி வராது, குக்கியும் போகாது. இரண்டு குக்கி எழுத வேண்டுமென்றால் ‘செட்-குக்கி’ வரியை இரண்டு தரம் தனித்தனியே அனுப்புங்கள். காற்புள்ளி போட்டு ஒரே வரியில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் காலாவதித் தேதிக்குள்ளேயே ஒரு காற்புள்ளி வரும். திரும்பி வரும்போது மட்டும் எல்லாக் குக்கிகளும் ஒரே ‘குக்கி’ வரியில், அரைப்புள்ளியும் இடைவெளியும் பிரிக்க, வரிசையாக வரும்.

அந்த வரியை நீங்களே வெட்டிப் பிரிக்கலாம், அரைப்புள்ளியில் ஒரு வெட்டு, முதல் சமன்குறியில் ஒரு வெட்டு. படிப்பதற்காக ஒரு தரம் அப்படிச் செய்து பாருங்கள் என்றுதான் என் பிள்ளைகளிடமும் சொல்வேன். வேலைக்கு என்றால் பைதனிலேயே ‘சிம்பிள்குக்கி’ இருக்கிறது. அதில் பெயரைக் கொடுத்து எடுத்தால் மதிப்பு நேரடியாக வராது, ஒரு பொருள்தான் வரும், அதை அச்சிட்டால் ‘செட்-குக்கி: மொழி=…’ என்று முழு வரியே தெரியும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், கடைசியில் ‘.வேல்யூ’ சேர்த்தால் சரி. குக்கி இல்லாத புதியவர் வரும்போது பெயரைத் தேடினால் ‘கீஎரர்’ விழும், ஆகவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். உங்கள் கணினியில் குக்கி எப்போதும் இருக்கும், எனவே இந்தப் பிழை உங்களுக்கு வராது. மாமாவின் முதல் விருந்தாளிக்குத்தான் வரும்.

லோக்கல்ஹோஸ்டில், அதாவது உங்கள் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும்போது, இன்னொரு கூத்து இருக்கிறது. குக்கி போர்ட் எண்ணைப் (முகவரியில் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை) பார்த்துப் பிரிவதில்லை. 8000இல் ஓடும் உங்கள் தளமும், போன மாதம் 3000இல் ஓட்டிய வேறொரு பயிற்சியும் ஒரே பையில்தான் கை வைக்கின்றன. அந்தப் பழைய பயிற்சி விட்டுப்போன குக்கியில் தாறுமாறான எழுத்துகள் இருந்தால் ‘சிம்பிள்குக்கி’ வாசிப்பதைப் பாதியில் நிறுத்தி, உங்கள் குக்கியையும் சேர்த்து விட்டுவிடுவது உண்டு. மறுபுறம், லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுவதும் 127.0.0.1 என்று எழுதுவதும் பிரவுசருக்கு இரண்டு வேறு ஊர்கள். ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘செட்-குக்கி’ வரியில் நேரடியாகத் தமிழ் எழுத்தைப் போட்டால் பைதனின் சேர்வர் ‘யுனிகோட்என்கோட்எரர்’ என்று விழுந்துவிடும், ஏனென்றால் அது ஹெடரை லத்தீன்-1 என்ற பழைய எழுத்துக்குறி முறையில் மாற்றித்தான் அனுப்புகிறது. வேண்டுமென்றால் சதவீதக் குறி முறையில் மாற்றி எழுதி, வாசிக்கும்போது திருப்பி மாற்றலாம், அதற்குக் ‘குவோட்’, ‘அன்குவோட்’ என்று இரண்டு செயற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் அது எவ்வளவு வீங்கும் என்று பாருங்கள். ‘திருகோணமலை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோடில் உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படுவதால் பத்துக் குறிகள், ஒவ்வொன்றும் யுடிஎப்-8இல் மூன்று பைட், ஆக 30 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும்போது 90 எழுத்து. ஒரு குக்கிக்கு 4096 பைட் வரை பிரவுசர்கள் இடம் தரவேண்டும் என்பது விதி, அதற்கு மேல் போனால் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதோடு அந்தக் குக்கி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்பத் திரும்பப் போகும். நிலாவெளிக் கடற்கரையில் சிக்னல் ஒரு கோடு நிற்கும் போனில் அது வீண் பாரம். மொழிக்கு இரண்டு ஆங்கில எழுத்துச் சுருக்கம் போதும்.

எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் பிரவுசரை மூடும்வரை என்று பொருள். ‘மூடுவது’ என்பதில் மட்டும் உறுதி இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கு என்று அமைத்திருந்தால் குரோம் அந்தக் குக்கிகளையும் மீட்டுவிடும், போனில் யாரும் பிரவுசரை மூடுவதுமில்லை. ஆகவே காலத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அதற்கு ‘எக்ஸ்பயர்ஸ்’, ‘மேக்ஸ்-ஏஜ்’ என்று இரண்டு வழி. முதலாவது ஜிஎம்டி நேரத்தில் தேதி கேட்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 10 மணிக்கு, ஒரு மணி நேரத்தில் முடியட்டும் என்று நினைத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து 11 மணி ஜிஎம்டி என்று எழுதினால், அது இங்கே பின்னேரம் 4.30 வரை உயிரோடு இருக்கும். ‘மேக்ஸ்-ஏஜ்’ வெறும் வினாடிக் கணக்கு, 86400 என்றால் ஒரு நாள். இரண்டையும் எழுதினால் ‘மேக்ஸ்-ஏஜ்’தான் செல்லும். பத்து வருடம் என்று எழுதினாலும் குரோம் 2022இலிருந்து 400 நாளோடு வெட்டிவிடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. குக்கி இருப்பது அடுத்தவன் கையில். தொழில் தொடங்கிய புதிதில் இதே மாதிரி ஒரு விடுதிக்கு முன்பதிவுப் பக்கம் செய்தேன். அறையைத் தெரிவு செய்ததும் அதன் வாடகையைக் குக்கியில் எழுதி, கடைசிப் பக்கத்தில் அங்கிருந்தே எடுத்துக் காட்டினேன், கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் உரிமையாளர் போன் எடுத்தார். “தம்பி, ஆயிரத்து இருநூறுக்கு ஏசி அறை எப்ப போட்டனீங்கள்?” வாடகை 12000 ரூபாய். போய்ப் பார்த்தால், என் வகுப்பில் இருந்த ஒரு பையன்தான். எப்12ஐ அழுத்தி, குக்கிப் பட்டியலில் அந்த எண்ணின் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து, ஒரு சைபரை அழித்துவிட்டு எண்டரைத் தட்டியிருக்கிறான். பத்து வினாடி வேலை. அவனை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை, அந்த எப்12ஐக் காட்டிக்கொடுத்ததே நான்.

ஆகவே மொழி, எழுத்தின் அளவு போன்ற, மாற்றினால் மாற்றியவருக்கே நட்டமான விஷயங்களை மட்டும் குக்கியில் நேராக எழுதுங்கள். விலை, யார் உள்நுழைந்திருக்கிறார், அவர் உரிமையாளரா என்பதெல்லாம் கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. தையல் கடையில் சட்டை தைக்கக் கொடுத்தால் ஒரு துண்டில் நம்பர் மட்டும் எழுதித் தருவார்கள், துணி கடையில் இருக்கும். அதுபோல் குக்கியில் ஓர் இலக்கத்தை மட்டும் வைத்து, விவரத்தைச் சேர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் 1, 2, 3 என்று போனால் பக்கத்து ஆளின் துணியை யாரும் கேட்கலாம், எனவே பைதனின் ‘சீக்ரெட்ஸ்’ என்ற பகுதியைக் கொண்டு ஊகிக்க முடியாத நீண்ட ஒன்றை உருவாக்குங்கள். சேர்வரில் வெறும் டிக்‌ஷனரியில் வைத்தால் கரண்ட் போய்ச் சேர்வர் நின்று எழும்பியதும் எல்லாரும் வெளியே நிற்பார்கள், சின்ன எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) கோப்பில் வைப்பது நல்லது. மதிப்போடு எச்மேக் கையொப்பம் (சேர்வருக்கு மட்டும் தெரிந்த இரகசியச் சாவியால் கணக்கிடும் குறி) சேர்த்து அனுப்பும் வழியும் இருக்கிறது. அதில் மாற்றினால் பிடிபடும், ஆனால் வாசிப்பதைத் தடுக்காது. கையொப்பத்தையும் மறைப்பையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இலக்கக் குக்கிக்கு மூன்று சொல்லைச் சேர்த்துவிடுங்கள். ‘எச்டிடிபிஒன்லி’ போட்டால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதை வாசிக்க முடியாது. ‘செக்யூர்’ போட்டால் எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாக மட்டும் போகும். வீட்டு வைஃபையில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் போனில் திறந்து பார்க்கும்போது அது எச்டிடிபிஎஸ் இல்லாததால் பிரவுசர் அந்தக் குக்கியை வாங்கவே வாங்காது. லேப்டொப்பில் வேலை செய்தது போனில் செய்யவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேர் இதில்தான் விழுந்திருப்பார்கள். மூன்றாவது ‘சேம்சைட்’, வேறு தளங்களிலிருந்து கிளம்பும் கோரிக்கைகளோடு குக்கி போகலாமா என்பது. 2020இலிருந்து குரோம், சொல்லாவிட்டால் ‘லாக்ஸ்’ (வேறு தளத்திலிருந்து இணைப்பை அழுத்தி வரும்போது மட்டும் அனுப்பு) என்று எடுத்துக்கொள்கிறது. மற்றப் பிரவுசர்களும் அப்படியே நடக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், ‘சேம்சைட்=லாக்ஸ்’ என்று நீங்களே எழுதுங்கள்.

அழிப்பதற்கென்று தனிக் கட்டளை இல்லை. அதே பெயர், அதே பாதையோடு ‘மேக்ஸ்-ஏஜ்=0’ என்று திரும்ப எழுதினால் பிரவுசர் எறிந்துவிடும். பாதையை மாற்றி எழுதினால் பழையது அசையாமல் இருக்கும். உள்நுழைவு வைத்தால் வெளியேறும் பொத்தானையும் அன்றைக்கே வையுங்கள், அது சேர்வரில் உள்ள விவரத்தையும் அழிக்கட்டும். கொமினிகேசன் கடைக் கணினியில் பார்த்துவிட்டு எழும்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டப் பக்கம் என்னுடைய துறை இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குக்கி பற்றித் தனி விதிகள் உண்டு, மாமாவிடம் வருபவர்களில் அங்கிருந்து வருபவர்களும் இருப்பார்கள். மொழித் தெரிவோடு நின்றால் பெரிதாக யோசிக்க வேண்டியிராது என்பது என் எண்ணம். விளம்பரம், பின்தொடர்தல் என்று போவதாக இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். அதேபோல், பைதனின் இந்தச் சேர்வரை உண்மையான தளத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. படிப்பதற்கு இதைவிட நல்லது கிடையாது, ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மே மாதம் சீசன் தொடங்குமுன் ஃபிளாஸ்க் (இணையத்தளம் செய்வதற்கான பைதன் கருவி) மாதிரி ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே எழுதுவதும் வாசிப்பதும் ஒவ்வொரு வரி, ஆனால் கம்பியில் போவது இதேதான்.

முதலில் ‘பாத்=/’ சேர்த்து, 303ஐப் போட்டு, பழைய குக்கியை அழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் எப்12இல் ‘நெட்வேர்க்’ பகுதியைத் திறந்து, அந்தக் கோரிக்கையின் மேல் கிளிக் செய்து, ‘செட்-குக்கி’ வரியையும் அடுத்த கோரிக்கையின் ‘குக்கி’ வரியையும் அப்படியே எடுத்து இங்கே போடுங்கள். கோட் முழுவதையும் விட எனக்கு அந்த இரண்டு வரிதான் வேண்டும்.